வாசலை அடைத்த இருவாச்சி

பூவரசி என்ற இருவாச்சிப் பறவைக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. இடுவதற்குத்தான் இடம் இல்லை. அவள் பிறந்த மலையில் பெரிய மரங்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். அவளும் கணவன் கடம்பனும் சமவெளியைக் கடந்து, முன்பின் தெரியாத இந்த மலைக்கு வந்திருந்தார்கள்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேடு மரப்பொந்துக்குள் நுழைந்து, வாசலைச் சேறு பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஓர் இடுக்கு மட்டும் விடும். அதன் வழியாக ஆண் பறவை பழம் ஊட்டும். உள்ளே இருக்கும் பேட்டுக்கு இறகுகள் உதிர்ந்துவிடும். குஞ்சு வளரும்வரை அதனால் பறக்க முடியாது.

முதலில் ஆந்தையிடம் போனார்கள். அதன் மரத்தில் மேல்பொந்து காலியாக இருந்தது.

"எந்த மலை?" என்றது ஆந்தை.

"சமவெளிக்கு அந்தப் பக்கம்."

"இங்க உங்களைத் தெரிஞ்சவங்க யாராவது?"

"இல்லைங்க. இப்பத்தான் வந்திருக்கோம்."

"அப்ப எப்படிங்க கொடுக்கிறது? கொஞ்ச காலம் இங்க குடியிருந்துட்டு வாங்க, பார்க்கலாம்!"

"குடியிருக்க இடம் கேட்டுத்தானே வந்திருக்கோம்!" என்றாள் பூவரசி. ஆந்தை கண்ணை மூடிக்கொண்டது.

மலையணில் வேறு மாதிரி கேட்டது.

"நாங்க பழம் தின்கிற குடும்பம். நீங்க?"

"நாங்களும் அத்திப்பழம்தான்."

"பல்லி?"

கடம்பனுக்குப் பொய் வராது. "எப்பவாவது... குஞ்சுக்கு."

"அதானே பார்த்தேன்! அந்த அலகைப் பார்த்ததுமே நினைச்சேன்!"

பூவரசி கோபத்தில் அலகைத் திறந்தாள். "கொஞ்சம் பொறு. வந்த இடம்" என்றான் கடம்பன்.

கடைசியில் ஒரு மைனா தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது.

"அக்கா, உடும்பு ஐயாகிட்ட ஒரு பொந்து இருக்கு. ஆழமான பொந்து. வெளியூர்க்காரங்கன்னா அவருக்கு உயிர்! வாடகையே வேண்டாம்பார்!"

மரத்தடியில் உடும்பு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இவர்களைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு.

"வாங்க, வாங்க! எத்தனை நாள் வேணும்னாலும் இருங்க. ஒரே நிபந்தனை. வாசலை அடைக்கக் கூடாது. காற்றோட்டம் போயிடும் பாருங்க! நானும் அப்பப்ப வந்து சௌகரியம் விசாரிச்சுக்குவேன்."

"முன்னால யார் இருந்தாங்க?" என்றாள் பூவரசி.

"ஒரு கிளிக் குடும்பம். சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டாங்க. வெளியூர்க்காரங்க சிலபேர் அப்படித்தான்!"

மைனா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது.

பூவரசி பொந்துக்குள் நுழைந்து பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம். மூலையில் மக்கிய தூளை அலகால் கிளறினாள். அடியில் முட்டை ஓடுகள். வெள்ளை வெள்ளையாக, நொறுங்கி. நடுவே ஒரு பச்சை இறகு, பாதியாகக் கடிபட்டு.

அவள் அந்த இறகைத் தனியாக எடுத்து வைத்தாள்.

வயிறு கனத்தது. இனி இன்னொரு வாசலில் போய் நிற்க நேரம் இல்லை. தலையை நீட்டி, "வீடு பிடிச்சிருக்கு ஐயா!" என்றாள். உடும்பு நாக்கைச் சுழற்றிக்கொண்டு கறையான் தேடப் போனது. மைனாவும் பறந்துவிட்டது.

"என்னங்க, ஓடைச் சேறு கொண்டு வாங்க. சீக்கிரம்!"

"அடைக்கக் கூடாதுன்னு சொன்னாரே?"

பூவரசி பச்சை இறகை அவன் முன்னால் போட்டாள். கடம்பன் உடனே ஓடைக்குப் பறந்தான். அவன் சுமந்து வந்த சேற்றைத் தன் எச்சத்தோடு குழைத்து, அவள் பூசினாள், பூசினாள், பூசிக்கொண்டே இருந்தாள்.

சுவர் பாதி காயும் முன்பே உடும்பு திரும்பிவிட்டது.

"யாரைக் கேட்டு அடைச்சே? திற!"

ஈரச் சேற்றில் அதன் நகம் இறங்கியது. இடுக்கில் மூக்கை நுழைத்தது. மலையணில் குறை சொன்ன அந்த அலகு உள்ளிருந்து இறங்கியது. மூக்கு கிழிந்து, உடும்பு மரத்தடியில் விழுந்தது.

"ஐயோ, அநியாயம்! இடம் கொடுத்தவனையே அடிக்கிறா!"

ஆந்தை வந்தது. மலையணில் வந்தது. மைனாவும் வந்தது.

"வந்த இடத்துல அடங்கி இருக்கணும் அம்மா!" என்றது ஆந்தை.

"பல்லி தின்கிற கூட்டம்! நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றது அணில்.

இடுக்கின் வழியாக ஒரு முட்டை ஓடு வெளியே விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கொத்துக்கொத்தாக, அவர்களின் தலைமேல். கடைசியில் ஒரு பிஞ்சு அலகு விழுந்தது. கிளிக் குஞ்சின் வளைந்த அலகு.

உடும்பு மெல்லப் பின்னால் நகர்ந்து புதருக்குள் மறைந்தது.

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா!" என்றது மைனா.

"எங்களைக் கேட்டீங்களே! எந்த மலை, யாரைத் தெரியும், என்ன தின்பீங்கன்னு!" பூவரசியின் குரல் மரத்தையே அதிர வைத்தது. "அந்தக் கிளிகள் எங்க போச்சுன்னு அவனை ஒருத்தராவது கேட்டீங்களா?"

ஆந்தை வாயைத் திறந்தது.

பூவரசி பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சேற்றை எடுத்து, அவர்களின் முகம் தெரியாத அளவுக்கு இடுக்கைக் குறுக்கினாள். அன்று மாலை அவள் முட்டையிட்டாள்.

இடம் தேடி வந்தவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற ஊர், இடம் கொடுப்பவனிடமும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும்.