பெரிய தெரு வழியாக

வேதகிரி வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபின் மடத்துக்கு வந்து சீடரானவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். கோபத்தில் மட்டும் இளையவர்.

அன்று தொப்பலாக நனைந்து வந்தார்.

"சாமி, காலனியில அஞ்சலையோட புருஷன் செத்துட்டான். பாடையை இடுப்பளவு தண்ணியில, வயல் வழியாத் தூக்கிட்டுப் போறாங்க. பெரிய தெருவுல காலனிக்காரங்க சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போகலாமாம், பிணம் போகக் கூடாதாம். கோர்ட்டு உத்தரவு இருந்தும் இந்த ஊர் மதிக்கல. நியாயம் எப்பத்தான் வரும்?"

சாமி மறுநாள் பாயையும் சொம்பையும் எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனார். அஞ்சலை வீட்டை ஒட்டிக் காலியாக ஒரு கொட்டகை கிடந்தது.

"இதுல தங்கிக்கட்டுமாம்மா?"

"எதுக்கு சாமி?"

"சாகறதுக்கு. இங்கேருந்து நான் போனா, ஊர் வழி விட்டுத்தானே ஆகணும்."

அஞ்சலைக்குச் சுருக்கென்றது.

"எங்க ஆளு செத்தப்ப திறக்காத தெரு, உங்களுக்காகத் திறந்தா அது எங்களுக்கு எதுக்கு?"

சாமி தலையைக் குனிந்துகொண்டார். "நீ கேக்கறது சரி. அதை நான் யோசிக்கலம்மா."

ஆனாலும் தங்கினார்.

பெரிய தெருக்காரர்களுக்குச் சாமி என்றால் உயிர். பதறியடித்துக்கொண்டு வந்தார்கள். தர்மகர்த்தா சிவலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மடத்துக்கு வந்துடுங்க சாமி. இங்க இருக்கறப்ப உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா என்ன? நாலு பேர் தூக்க மாட்டீங்களா?"

"ஊரே தூக்கும்."

"எந்த வழியா?"

"பெரிய தெரு வழியாத்தான். பூப்போட்டுக் கொண்டுபோவோம்."

அஞ்சலை வாசலில் கைகட்டி நின்றாள். அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கயிற்றுக் கட்டிலில் இருமிக்கொண்டிருந்த அவள் மாமனாரைச் சாமி காட்டினார்.

"எனக்கு முன்னால இவர் இருக்கார். இவரை எந்த வழியாக் கொண்டுபோறாங்களோ, அதே வழியா என்னையும் கொண்டுபோங்க. வயல்னா வயல்."

"எனக்கொண்ணும் அவசரமில்ல," என்றார் கிழவர்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சிவலிங்கம் சிரிக்கவில்லை. வரப்புக்கு அப்பால் தேங்கி நின்ற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அடைமழையில் கிழவர் போய்ச் சேர்ந்தார். பாடை பெரிய தெருவுக்குள் திரும்பியது. சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டார்கள், ஆனால் யாரும் மறிக்கவில்லை. சிவலிங்கம் தன் வாசலில் எழுந்து நின்றார். முன்கழியைத் தாங்கிய தோள்களில் ஒன்று வேதகிரியுடையது. தெருமுனையில் அஞ்சலை, மாமனாருக்காகவும் புருஷனுக்காகவும் சேர்த்து அழுதாள்.

வேதகிரி சுடுகாட்டிலிருந்து நேராகச் சாமியின் கொட்டகைக்கு வந்தார்.

"வழி திறந்தாச்சு சாமி. மடத்துக்குப் போகலாமா?"

சாமி பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"செத்தவர் போயாச்சு. அஞ்சலையோட மக, வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அந்தத் தெருவுல சைக்கிளைத் தள்ளாம, ஏறி ஓட்டிக்கிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கா. அதைப் பார்த்துட்டு வரேன்."