போர்ட்டில் இருப்பது யார்?

கஸ்பார் எழுதின டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். ஒண்ணுகூட சிவப்பு இல்லை. அதுதான் முபீனாவுக்குப் பிடிக்கவில்லை.

"இவ்வளவு பச்சை நல்லதில்ல அண்ணாச்சி."

"சிவப்பு வந்தாலும் திட்டுதீங்க, பச்சை வந்தாலும் திட்டுதீங்க. மஞ்சள்ல வர வைக்கட்டுமா டீச்சர்?"

முபீனா குரு. கஸ்பார் சீடர். குருவுக்கு வயது இருபத்தாறு, சீடருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தூத்துக்குடியில் ஒரு மாடி அறையில் நடக்கிற சின்ன கம்பெனி. அதற்கு முன்னால் கஸ்பார் துறைமுக ஆபீசில் இருந்தார். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும். அதனால்தான் அந்த வேலையை விட்டார், வேறு காரணம் கிடையாது. அவர் மகன் டெல்வின் ரெண்டு வருஷத்துக்கு முந்தின புயலில் வள்ளத்தோடு போனவன். வள்ளத்தின் பலகை கரைக்கு வந்தது. அவன் வரவில்லை.

இந்த மாடியில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். கஸ்பாருக்கு அது போதும்.

வேலை என்னவென்றால், புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதினதையெல்லாம் ஒரு சர்வரில் சேர்த்து வைப்பார்கள். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்று அது ஞாபகம் வைத்திருக்கும். அந்த மாதிரி சர்வரோடு பேசுகிற சாஃப்ட்வேர் ஒன்றை இவர்கள் செய்கிறார்கள். அது சரியாகப் பேசுகிறதா என்று பார்க்க, டெஸ்டுக்கு டெஸ்ட் ஒரு தற்காலிக சர்வரைக் கிளப்ப வேண்டும். எழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் ஷெல் என்கிற கட்டளை மொழியில் குட்டிக் குட்டி ஃபங்ஷன்கள். அத்தனையும் கஸ்பார் எழுதினது.

முபீனா அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். சர்வரைக் கிளப்புகிற வரியை வேலை செய்யாதபடி அடைத்தாள்.

"இப்ப ஓட்டுங்க."

கஸ்பார் சிரித்தார். "சர்வரே இல்லாம எப்படி டீச்சர் ஓடும்?"

"ஓட்டுங்களேன்."

ஓட்டினார். எல்லாம் பச்சை.

கஸ்பார் ஸ்க்ரீனையே பார்த்தார். "பேய் கீய் பதில் சொல்லுதா?"

"பழைய சர்வர் அண்ணாச்சி. முன்ன எப்பவோ நீங்க கிளப்பினது. நில்லுன்னு சொன்னீங்க, நின்னுச்சான்னு பாக்காம வந்துட்டீங்க. அது அதே போர்ட்ல, அந்த நம்பர் போட்ட வாசல்ல, உக்காந்திருக்கு. புதுசு வந்து பாக்குது, இடமில்ல, திரும்பிப் போயிருது. நீங்க பழசைத் தட்டிப் பாத்துட்டு, நம்ம ஆள் வந்தாச்சுன்னு சொல்லிட்டு இருக்கீங்க."

"நான் செக் பண்ணேனே."

"என்ன செக் பண்ணீங்க? தமிழ்ல சொல்லுங்க."

"போர்ட்டைத் தட்டு. திறந்தா, சர்வர் இருக்குன்னு சொல்லிட்டு வந்துரு."

"நீ யாருன்னு கேக்கலையா?"

"கேக்கல."

"ஏன்?"

அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்ல வந்தார். அதற்குள் போன் அடித்தது. ஜெசிந்தா, அவர் மனைவி. அவள் குரல் எப்பவும் உரக்கத்தான் இருக்கும்; முபீனாவுக்கும் கேட்டது.

"சர்ச்சு சாமியார் இன்னைக்குள்ள கேக்காரு. ஞாயித்துக்கிழமை செத்தவங்க பூசையில பிள்ளை பேரை வாசிக்கவா, வேண்டாமான்னு."

"அவன் சாகல. பேசாம இரு."

"ஒரு மெழுகுவர்த்தி கொளுத்த விடமாட்டேங்கீங்க. படத்துக்கு ஒரு மாலை போட விடமாட்டேங்கீங்க. நான் எங்கதான் போயி அழ?"

கஸ்பார் கட் பண்ணிவிட்டார்.

முபீனா கீபோர்டைத் திருப்பித் தள்ளி வைத்தாள். அவராகத்தான் சொன்னார்.

"அவன் நம்பர் அடிக்குது டீச்சர். ஒரு வருஷத்துக்கு மேல ஸ்விட்ச் ஆஃப்னே சொல்லிட்டு இருந்துச்சு. எங்க நோன்பு தொடங்குற சாம்பல் புதன்ல இருந்து மணி அடிக்குது. எங்கயோ கரை ஏறியிருக்கான். புது போன் வாங்கி அதே நம்பரைப் போட்டிருக்கான்."

"எடுத்து என்ன சொன்னான்?"

"எடுக்கதுக்குள்ள கட் பண்ணிருவேன்."

"திருப்பிக் கூப்பிடலையா?"

"கூப்பிட்டுச்சு. நான் எடுக்கல."

முபீனா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, அவர் மகனைப் பற்றி எதுவுமே பேசாத மாதிரி சொன்னாள்.

"ஃபங்ஷனைத் திருத்தி எழுதுங்க அண்ணாச்சி. கிளப்பும்போது சர்வருக்கு ஒரு பேர் வைங்க. தட்டினதும் ஓடி வந்துராதீங்க. நின்னு, பேரைக் கேளுங்க."

கஸ்பார் எழுதினார். பேர் வைத்தார். தட்டினார். கேட்டார். பேர் சரியாக இருந்தால், ஆமாம் என்று சொல்லிவிட்டு வா என்று எழுதினார். பேர் சரியாக இல்லாவிட்டால் என்று எழுதினார். அதற்கப்புறம் கை ஓடவில்லை.

எழுந்து மாடிப்படிக்குப் போனார். படியில் உட்கார்ந்து அந்த நம்பரைப் போட்டார். மணி அடித்தது. எப்பவும் போலக் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. அழுத்தவில்லை.

"அலோ? நீங்கதானா தினமும் மிஸ்டு கால் விடுறது?"

பையன் குரல். டெல்வின் வயதுதான் இருக்கும். டெல்வின் குரல் இல்லை.

"இது யார் நம்பர் தம்பி?"

"என் நம்பர்தான். புதுசா வாங்கினேன், கடையில இதைக் குடுத்தாங்க. உங்களுக்கு யாரு வேணும்?"

"டெல்வின்."

"அப்படி இங்க யாரும் இல்லையேங்க."

சரி, வைக்கிறேன் என்று சொல்லத்தான் கஸ்பார் வாயைத் திறந்தார். வேறு என்னவோ வந்தது.

"சாப்டியா?"

"இல்லங்க. இனிமேதான்."

"சாப்டு. நேரத்துக்குச் சாப்டு."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எழுதாத வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. முபீனா அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்துபோயிற்று. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை.

"டீச்சர். வேற ஆள் பதில் சொன்னா, ஃபங்ஷன் என்ன சொல்லணும்?"

"நம்ம ஆள் இல்லைன்னு சொல்லணும் அண்ணாச்சி."

"ஒண்ணும் சொல்லாம, இன்னும் கொஞ்சம் தட்டிப் பாக்கச் சொன்னா?"

"சொல்லலாம்."

"எவ்வளவு நேரம் தட்டலாம்?"

"அது நீங்க எழுதுறதுதான். நிறுத்துன்னு எழுதலைன்னா அது நிறுத்தாது. பாவம், அதுக்கு அலுக்காது."

"அப்ப தட்டட்டுமே டீச்சர். யாருக்கு என்ன நஷ்டம்?"

முபீனா ஸ்க்ரீனைக் கீழே நகர்த்தினாள். அந்த ஃபங்ஷனுக்குக் கீழே அடுத்தடுத்த டெஸ்டுகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் ஓடவில்லை. எல்லாம் நின்றுகொண்டிருந்தன.

"இவங்களைப் பாருங்க அண்ணாச்சி. நீங்க இல்லைன்னு சொல்றவரைக்கும் இவங்க இங்கயேதான் நிக்கணும்."

கஸ்பார் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஸ்க்ரீனில் மேலே போய், நம்ம ஆள் இல்லை என்கிற அந்த வரியை எழுதினார். சின்ன வரிதான். எழுத ரொம்ப நேரம் ஆயிற்று.

போனை எடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"சாமியார்ட்ட பேரை..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. கட் பண்ணவும் இல்லை.