மருத்துவச்சி கேட்ட ஆரூடம்

ஜமீன்தார் தொட்டப்ப நாயக்கருக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த நேரம் அப்பனின் உயிருக்கு ஆகாது என்றார் அரண்மனைச் சோசியர் ஏகாம்பரம். ஜமீன்தார் ஆடிப்போனார். பிள்ளையைக் காட்டில் விட்டுவரும்படி மருத்துவச்சி இருளாயிக்கு உத்தரவு போட்டார். மறுத்தால் அவள் தலை போகும்.

இருளாயி பிள்ளையை மார்போடு அணைத்தபடி சோசியரிடம் திரும்பினாள். "சோசியரய்யா, நான் இதைக் காட்டுல விடுவேனா மாட்டேனா, பார்த்துச் சொல்லுங்க."

அவர் சோழியை உருட்டினார். "விடுவாய். விதி அப்படி."

அவள் நேரே போய்ப் பிள்ளையை ஜமீன்தார் மடியில் வைத்தாள். "நான் விடலை, எசமான். என் கை அடுத்து என்ன செய்யும்னே இவருக்குத் தெரியலை. கடவுள் என்ன செய்வாருன்னு இவருக்கு எப்படித் தெரியும்? உசுரைக் கொடுத்தவன் கையிலதான் எடுக்கிறதும் இருக்கு."

"இந்தத் திமிருக்கு இவள் தலையை எடுக்க வேண்டும்" என்றார் சோசியர்.

மடியில் பிள்ளை கொட்டாவி விட்டது. ஜமீன்தார் அதன் தலையை மெல்லத் தாங்கிக்கொண்டார்.

"இவள் தலையை நான் எடுப்பேனா, மாட்டேனா? உருட்டிப் பார்த்துச் சொல்லும்."

ஏகாம்பரம் சோழியைத் தொடவே இல்லை. ஜமீன்தார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதன் தாயிடம் போனார்.