மருதவாணருக்கு வியாழக்கிழமை

நெடுமருதூர்ப் பெரிய ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர் வைரவனார். மடையைத் திறந்து அடைப்பதும், முறை வைத்து வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவதும் அவர் வேலை. விடிவதற்குள் குளித்து, நீறு பூசி, மருதவாணர் கோயில் கோபுரத்தைக் கும்பிட்ட பிறகே மடைப்பலகையில் கை வைப்பார். அறுவடையில் வயலுக்கு ஒரு கட்டு நெல் கூலி. அதற்கு மேல் யார் எதை நீட்டினாலும் வாங்கமாட்டார். வாய்க்கால் வற்றும் நாட்களில் சேற்றில் துடிக்கும் மீன்குஞ்சுகளை அள்ளி ஏரியில் விட்ட பிறகுதான் கஞ்சி குடிப்பார்.

ஓராண்டு மழை பொய்த்தது. ஏரியில் கால்பங்கு நீரே நின்றது. ஊர் கூடி, வாரம் ஒரு முறைதான் எவருக்கும் தண்ணீர் என்று வகுத்தது. கோயில் நந்தவனத்துக்கு வியாழக்கிழமை. கடைமடையில் அரைக்காணி பயிரிட்டிருந்த ஒச்சாயிக்குத் திங்கட்கிழமை.

திருவிழா நெருங்கிய ஒரு திங்கட்கிழமை காலையில், கோயில் அதிகாரி தாண்டவராயர் மடைக்கு வந்தார்.

"வைரவா, பூச்செடியெல்லாம் வாடுது. தண்ணியை நந்தவனத்துக்குத் திருப்பு."

"இன்னைக்கு ஒச்சாயி முறைங்க ஐயா. கதிரு பால் பிடிக்கிற நேரம்."

"சாமிக்கே இல்லைங்கிறியா? நீயெல்லாம் எதுக்கு நீறு பூசுறே?"

"சாமிக்கு வியாழக்கிழமைங்க. அன்னைக்கு ஒரு சொட்டுக் குறையாம விடுறேன்."

அப்போதே வேலை போயிற்று. கோயில் வாசலை மிதிக்கக் கூடாதென்றும் உத்தரவாயிற்று. வேறொருவர் மடையைத் திருப்ப, நந்தவனக் கேணி நிரம்பியது. "சிவனுக்குத் தண்ணி மறிச்ச பக்தர் போறாரு" என்று ஊரார் சிரித்தார்கள். அதை அவர் பொறுத்துக்கொண்டார். கோபுரம் கண்ணில் படும்போது மட்டும் நின்று கைகூப்பினார். 'அப்பனே, உனக்கு இல்லையென்று சொன்ன வாய் இது. பிழையென்றால் பொறுத்துக்கொள்' என்று வேண்டிக்கொண்டு, காட்டு ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்து ஒச்சாயியின் பயிரில் ஊற்றினார்.

"எனக்காக ஏன்யா இந்தப் பாடு?" என்று அவள் அழுதாள்.

"உனக்காக இல்லே ஆத்தா. முறைன்னா முறைதானே" என்றார்.

புதன்கிழமை திருவிழா தொடங்கியது. குருக்கள் நந்தவனக் கேணி நீரால் திருமுழுக்குச் செய்தார். நீர் தரையில் ஓடியது; இலிங்கத் திருமேனி நனையவில்லை. மூன்று குடம் கவிழ்த்தும் அப்படியே. தாண்டவராயர் பார்த்து நிற்க, குருக்கள் தொட்டுப் பார்த்தார். வெயிலில் கிடந்த பாறைபோல் சுட்டது. அப்போது கருவறையிலிருந்து குரல் எழுந்தது.

"ஒச்சாயி பயிரின் நீரை எம் தலையில் ஊற்றாதே. வைரவன் எம் முறைக்கு விடும் நீருக்குக் காத்திருக்கிறோம்."

தாண்டவராயர் வெறுங்காலோடு கடைமடைக்கு ஓடினார். நடந்ததைச் சொல்லி, "மடைக்கு வாங்க வைரவரே, சாமி காத்திருக்காரு" என்று கைகூப்பினார்.

வைரவனாருக்குக் கண் நிறைந்தது. கையிலிருந்த குடத்தைப் பயிரில் ஊற்றி முடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"சாமி பங்கு திங்கட்கிழமையே போயிருச்சுங்களே. நாளைக்கு வர்ற தண்ணி ஒச்சாயிக்கு. சாமிக்கு அடுத்த வியாழன்."

தாண்டவராயர் அவரிடமே மடையை ஒப்படைத்தார். எட்டு நாள் மருதவாணர் நனையாமலே இருந்தார். அடுத்த வியாழன் வைரவனார் திறந்துவிட்ட நீரில் முதல் குடம் பட்டதும், திருமேனி உச்சிமுதல் அடிவரை குளிர்ந்தது. குருக்கள் அவரைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து, இறைவன் சூடிய மாலையை அவர் கழுத்தில் இட்டார்.

தாம் வணங்கிய இறைவனையும் வரிசையில் நிற்கச் சொன்ன பெரியவர் அவர். இறைவனும் நின்றான்.