வெள்ளை மொச்சை

“நாளைக்கு ஒரு பொண்ணுக்குக் கல்யாணம். அப்பான்னு என்னை வந்து நிக்கச் சொல்றாங்க. அவ எனக்குப் பிறந்தவளே இல்ல. போகலாமா அம்மா?”

மலையடிக் குடிலில் வந்து கேட்டவர் உடையப்பர். வயது அறுபத்தைந்து.

குடிலில் இருந்த துறவி தவமணி. அவரைவிட இருபது வயது இளையவர். காவி கட்டுவதற்கு முன் கல்லூரியில் உயிரியல் நடத்தியவர்.

“உங்களுக்குப் பிறக்கலைன்னு எப்படித் தெரியும்?”

“நானும் கறுப்பு, என் பொண்டாட்டியும் கறுப்பு. பிறந்தது பால் மாதிரி. முடி, இமை எல்லாம் வெள்ளை. அன்னிக்கே ரெண்டு பேரையும் அனுப்பிட்டேன். இருபத்துநாலு வருஷம் ஆச்சு.”

“மூக்கு யாரு மாதிரி?”

“என் மூக்குன்னு ஊர் சொல்லுது. ஊருக்கு வேற என்ன வேலை?”

தவமணி இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு மொச்சை, ஒரு வெள்ளை மொச்சை.

“இது நீங்க. இது உங்க சம்சாரம். மொச்சை, நிறத்துக்கு. உடம்பில ஒவ்வொரு உயிரணுவிலும் ஒவ்வொரு குணத்துக்கான குறிப்பும் இரட்டையா இருக்கு. பிள்ளைக்கான வித்து உண்டாகும்போது உயிரணு பிரியும், இரட்டையும் பிரியும். ஒண்ணுதான் போகும். நிறத்தோட இரட்டை வேற, மூக்கோடது வேற. ஒண்ணை ஒண்ணு கேட்டுக்கிட்டுப் பிரியாது. கண்ணை மூடி, ரெண்டுலயும் ஒவ்வொண்ணு எடுங்க.”

எடுத்தார். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை.

“இந்தப் பிள்ளை?”

“கறுப்புதான். வெள்ளை உள்ளே ஒளிஞ்சிருக்கும்.”

திரும்பப் போட்டுவிட்டு எடுத்தார். கறுப்பு, கறுப்பு.

ஐந்தாம் முறை இரண்டும் வெள்ளை.

“பார்த்தீங்களா, அவ சிரட்டையில இருந்து வந்த வெள்ளை!”

“ஒண்ணு அவங்களுது, இன்னொண்ணு உங்களுது. ஒண்ணு மட்டும் வந்தா வெளியே தெரியாதே ஐயா.”

உடையப்பர் தன் சிரட்டையைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இதுல வெள்ளையைப் போட்டது நீங்க.”

“ஆமா. உங்களுக்கு யாரு போட்டா?”



“அத்தை ஒருத்தி இருந்தா,” என்றார் தரையைப் பார்த்து. “அப்பாகூடப் பிறந்தவ. வெயில் ஆகாது. ஆள் கண்ணில படாம பின்கட்டிலயே வச்சிருந்தோம்.”

“பிள்ளை பிறந்தப்போ இருந்தாங்களா?”

“இருந்தா. குழந்தையை மடியில வாங்கி, ‘என்னை மாதிரியே வந்திருக்காடா’ன்னு சிரிச்சா.”

“நீங்க?”

“பிடுங்கினேன்.”



உடையப்பர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு படி இறங்கினார்.

“மணமேடைக்கா ஐயா?”

“இல்லம்மா. அவ அம்மா எங்க நிக்கிறாளோ, அங்க.”