தல்ஹோவுக்கு முரசடித்தவன்

என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கொரியாவில், ஜிரிசான் மலையடிவாரத்தில், தல்ஹோ என்றொருவன் பாடினால் பக்கத்து அருவி விழுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும்.

பியோங்சுவுக்கு அது பொறுக்கவில்லை. இருவரும் கூ என்ற பாட்டாசானின் சீடர்கள். பியோங்சு பதினோரு வருடம் அதே அருவிக்கு எதிரே நின்று குரல் பழகக் கத்திக் கத்தி ரத்தம் துப்பியவன். தல்ஹோ வந்து நாலே வருடம். ஆளுநர் வீட்டு விருந்தில் பாட ஆசான் ஒருவனைத்தான் அனுப்புவார். பியோங்சு ஆசானிடமே போய்க் கேட்டான்.

"ஐயா, என்னிடம் இல்லாத எது அவனிடம் இருக்கிறது?"

"நாளைக்குச் சந்தையில் அவன் பாடுகிறான். நீ முரசடி."

அரண்மனை இசையென்றால் சபை இருமக்கூடக் கூடாது. பான்சோரி ஊர்க்காரர்களின் பாட்டு. ஒருவன் நின்று கதையைப் பாடுவான். இன்னொருவன் தரையில் அமர்ந்து முரசடிப்பான். நல்ல இடம் வந்தால் முரசுக்காரன் "ஒல்சு!" என்று கூவ வேண்டும், நம் ஊர் 'பலே' மாதிரி. அது விழாவிட்டால் பாடுகிறவனுக்கு அடுத்த அடி எழும்பாது.

பியோங்சு தாளம் தப்பாமல் அடித்தான். வாயை மட்டும் திறக்கவில்லை.

தல்ஹோ தடுமாறினான். கூட்டம் மீன் கடைப் பக்கம் நழுவியது. 'இன்னும் கொஞ்சம்தான், ஆள் காலி' என்று பியோங்சுவுக்கு உள்ளம் குளிர்ந்தது.

கதையில், மகளைப் பறிகொடுத்த படகோட்டி அவள் செருப்பை ஆற்றில் விடும் இடம் வந்தது. தல்ஹோவின் குரல் உடைந்தது. உடைந்த குரலிலேயே பாடினான்.

"ஒல்சு!"

கூவியது யாரென்று பியோங்சு திரும்பிப் பார்த்தான். எல்லோரும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தல்ஹோ நிமிர்ந்தான். மீன் கடையில் ஈதான் மிஞ்சியது.

மாலையில் ஆசான் கேட்டார். "என்னப்பா, பாதிவரைக்கும் அரண்மனை இசை என்று நினைத்துவிட்டாயோ?"

பியோங்சு தலை குனிந்தான். "விருந்துக்கு அவனையே அனுப்பிவிடுங்கள், ஐயா."

"நீதான் போகிறாய். முரசுக்குத் தல்ஹோ வருவான்."

பியோங்சுவின் முகம் வெளுத்தது. "அவன் எனக்கு வாய் திறப்பானா, ஐயா?"

"உன் வாயை நானா திறந்தேன்?"

பியோங்சு இன்றைக்கும் திடகாத்திரமாகத்தான் நடமாடுகிறார். முரசடித்த கை, என் முதுகில் விழுந்தால் தாங்காது. நான் சொன்னேன் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள்.