கல்லு ஒத்துக்குச்சா இல்லையா

ஒரு ஊர்ல ஒரு மருமக இருந்தாளாம், பேரு பூவாத்தா. ம் சொல்லிக்கிட்டே வரணும் கண்ணு. உன் ம் நின்னா என் வாயும் நின்னுபோகும்.

"ம்."

அவளுக்குப் பேரு வச்சது தாத்தன், மாப்பிள்ளை பார்த்தது மாமன், கல்யாணச் சீலை எடுத்தது மாமியா மயிலாத்தா. அவளா ஆசைப்பட்டு ஒண்ணுமே வாங்குனதில்ல, பாவம். அப்புறம் ஒருநாள், முட்டை வித்த காசை முடிஞ்சுக்கிட்டு மாமியாளோட சந்தைக்குப் போனா. அங்க கல்லு யாவாரிகிட்ட ஒரு கல்லு. பாதி கத்திரிப்பூ ஊதா, பாதி எலுமிச்சை மஞ்சள். ஒட்டுவேலை இல்ல, மண்ணுக்குள்ளயே அப்படி வெளைஞ்ச பளிங்கு. "ஐயோ, இது என் மோதிரத்துக்குத்தான்"னு நின்னுட்டா. காலு நகரவே இல்ல.

மயிலாத்தா விடுவாளா? "ஊதா சனி, மஞ்சள் குரு. ரெண்டும் ஒரே மோதிரத்துல உக்காந்தா குடும்பம் குட்டிச்சுவரு!"ன்னா.

அப்போ யாவாரி, "மூணு நாள் சாமி ரூம்ல வச்சுப் பாருங்க அம்மிணி. ஏதாச்சும் கெட்டது நடந்தா திருப்பிக் குடுத்துருங்க, மில்லுக்காரர் சம்சாரம் வாங்கிக்கக் காத்திருக்காங்க"ன்னு மஞ்சத்துணியில முடிஞ்சு குடுத்தான்.

முடிச்சை முருகன் படத்துக்கு முன்னால வச்சாங்க. முருகன் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. அவருக்கென்ன, ரெண்டு பொண்டாட்டிக்காரரு, ரெண்டு நிறத்துக்கா பயப்படுவாரு? மயிலாத்தாதான், "யாரும் அவுத்துப் பாக்கக் கூடாது, நான் மட்டும் வெளக்கேத்தப் போவேன்"னு சட்டம் போட்டா.

மொத நாளு மாடு ஒரு உதை விட்டுது, பால் சொம்பு டங்குனு கவுந்துச்சு. "பாத்தியா, கல்லு வேலை!"ன்னா மாமியா. "அது மாட்டு வேலைங்க அத்தை"ன்னா பூவாத்தா. ம் எங்கடா?

"ம்..."

ரெண்டாம் நாளு கொடிக்கயிறு பட்டுனு அந்து, புருசனோட வெள்ளை வேட்டி சாணிக்கரைசல்ல சொத்துனு விழுந்துச்சு. மாமியா கை தட்டாத குறைதான். "கல்லேதான்!" பூவாத்தாவுக்கு அழுகையே வந்துருச்சு. பொழப்புல ஒண்ணே ஒண்ணு கேட்டேன், அதுவும் கை விட்டுப் போகுதேன்னு அடுப்படியில உக்காந்து மூக்கைச் சிந்துனா.

மூணாம் நாளு காலையில மயிலாத்தா முடிச்சைக் கையில எடுத்துக்கிட்டா. "நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்." "ஒரே ஒருக்கா பாத்துக்கிறேன் அத்தை"ன்னு கெஞ்சுனா பூவாத்தா. "கூடவே கூடாது!"ன்னு மாமியா வாசல் தாண்டுனா. அப்போ பார்த்து எதுத்தவீட்டு நாயி லொள் லொள் லொள்னு பாஞ்சு வந்துச்சு. அடேயப்பா! மூட்டு வலி மூட்டு வலின்னு வருசம் பூரா எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடந்த மயிலாத்தா, சீலையைத் தூக்கிக்கிட்டு ஒரே தாவுல வேலியைத் தாண்டிட்டா!

அவ இடுப்புச் சுருக்குப்பையில இருந்து ஏதோ துள்ளி, கிணிங் கிணிங்னு உருண்டு பூவாத்தா காலடியில வந்து நின்னுச்சு. பாதி ஊதா, பாதி மஞ்சள்.

பூவாத்தா கல்லை எடுத்துக்கிட்டு, கீழ விழுந்து கெடந்த மஞ்சத்துணியை அவுத்தா. உள்ள ஒரு புளியங்கொட்டை!

"எப்பங்க அத்தை எடுத்தீங்க?"

"மொத நாளே. சும்மா வெளிச்சத்துல பாக்கலாம்னுதான் எடுத்தேன். எனக்குந்தான் இந்தப் பொழப்புல யாரு என்ன கேட்டு வாங்கிக் குடுத்தாங்க?"ன்னு வேலிக்கு அந்தாண்ட இருந்து முனகுனா.

"அப்போ பாலைக் கொட்டுனதும் வேட்டியைத் தள்ளுனதும் புளியங்கொட்டை. கல்லை இடுப்புல வச்சிருந்த உங்களுக்கு மூட்டு வலி போயே போச்சு. கல்லு ஒத்துக்குச்சா இல்லையா?"

அன்னிக்கே ஆசாரிகிட்டப் போயி மோதிரம் ஆச்சு, பூவாத்தா விரல்ல ஏறுச்சு. அவ அந்தக் கையாலயே கோழிக்குத் தீனி போட்டா, அந்தக் கையாலயே தலை சொறிஞ்சா, ஊரே பாக்கட்டும்னு.

அப்புறம் மெதுவா மயிலாத்தா கிட்ட வந்து, "அம்மிணி, நாளைக்கு ஒரு விசேஷம். ஒரு நாளைக்கு மட்டும் அதைக் குடேன்"னா.

பூவாத்தா உள்ள போயி அந்தப் புளியங்கொட்டையை மஞ்சத்துணியில முடிஞ்சு எடுத்துட்டு வந்தா. "மொதல்ல இதை மூணு நாளு வச்சுப் பாருங்க அத்தை. உங்களுக்கு ஒத்துக்குச்சுன்னா மோதிரம் தாரேன்."

...ம் வரலியே. சரி சரி. மோதிரம் பூவாத்தா விரல்ல, கதை உன் காதுல, இனி தூக்கம் உன் கண்ணுல. தூங்கு சாமி.